பிளாப்பியில் கிடந்த வாக்குமூலங்கள்

1990களில் தமிழில் வந்த தலித் பத்திரிகைகளைப் பற்றி இப்ப நிறையப் பேர் ஆய்வு பண்ணுறாங்க. நல்லது. ஆனா பண்ணுறவங்க எல்லாரும் அச்சடிச்ச தாளைத்தான் கையில் எடுக்கிறார்கள். எந்த இதழ், எந்த மாதம், அட்டையில் என்ன படம், உள்ளே யார் யார் எழுதினார்கள் என்று போகிறது பேச்சு. அந்தத் தாள் அச்சுக்குப் போவதற்கு முந்தின இரவு எங்கே இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. எனக்குத் தெரியும். ஏன்னா அந்த இரவுகளில் மதுரையில் ஒரு டி.டி.பி. சென்டரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அடித்தவன் நான். அது ஒரு பிளாப்பியில் இருந்தது.

அப்படிப்பட்ட பிளாப்பிகள் 73, ஒரு பிஸ்கட் தகர டப்பாவுக்குள் என் வீட்டுப் பரணில் 20 வருஷத்துக்கும் மேலே கிடந்தன. 2023இல் கீழே இறக்கினேன். அதுக்கப்புறம் நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் மெஷின் சமாச்சாரம் வரும். பொறுத்துக்கணும். அது தெரியாமல் மத்தது விளங்காது.

நம்ம எழுத்து ஏன் பிளாப்பிக்குள்ள போச்சு என்பதே ஒரு கதை. அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூனில் சென்னை ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். மறுவருஷம் அது 'தமிழன்' என்று ஆனது. 1914இல் அவர் இறந்தார். அவர் எழுத்தை ஞான அலாய்சியஸ் தொகுத்து 'அயோத்திதாசர் சிந்தனைகள்' என்று பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தது 1999இல். நடுவில் 85 வருஷம். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய 'பறையன்' பத்திரிகை முழுசாக நம் கைக்கு வந்து சேரவே இல்லை. அண்ணல் அம்பேத்கர் 1956இல் மறைந்தார். அச்சேறாத அவர் கையெழுத்துப் பிரதிகள் வருஷக்கணக்கில் பெட்டிகளில் அடைந்து கிடந்தன. வசந்த் மூன் பதிப்பித்து மகாராஷ்டிர அரசு முதல் தொகுதியைக் கொண்டு வந்தது 1979இல். தகர டப்பா, இரும்புப் பெட்டி, பரண் இதெல்லாம் நமக்குப் புதுசு இல்லை.

ஈய எழுத்துக் காலத்தில் அச்சுக் கோர்ப்பவர் ஒரு ஃபாரத்தைக் கோர்த்து, ப்ரூஃப் எடுத்து, டிரெடிலில் அடித்து முடித்ததும் எழுத்தைக் கலைத்து அறைப்பெட்டியில் திரும்பப் போட்டுவிடுவார். கலைச்சாத்தான் அடுத்த பக்கத்துக்கு எழுத்து கிடைக்கும். மிச்சம் இருப்பது தாள் ஒன்றுதான். தாளைக் கறையான் தின்றால் கதை முடிந்தது. அதோட அந்த முறையில் பத்திரிகை நடத்த அச்சகக்காரர் தயவு வேண்டும். என்ன அடிக்கிறோம் என்று அவர் படிப்பார். படித்துவிட்டு "இது வேணாம்பா, நமக்கு எதுக்கு வம்பு" என்பார்.

1985இல் ஆல்டஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி மேக்கின்டாஷுக்குப் பேஜ்மேக்கர் என்ற மென்பொருளைக் கொண்டு வந்தது. 1987இல் அது விண்டோஸுக்கும் வந்தது. தமிழில் அதற்கு முன்னாலேயே முயற்சிகள் நடந்திருக்கின்றன. கனடாவில் சீனிவாசன் உருவாக்கிய 'ஆதமி', மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய 'முரசு' எல்லாம் 1980களின் சரக்கு. 1990களின் தொடக்கத்தில் நம்ம ஊர்களில் சந்துக்குச் சந்து டி.டி.பி. சென்டர் முளைத்தது. கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், கைடு புத்தகம் என்று பகலெல்லாம் ஓடும். பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு. ராத்திரி மெஷின் சும்மா கிடக்கும். அந்த ராத்திரியில்தான் நம்ம பத்திரிகைகள் உருவாயின.

அங்கே உட்கார்ந்து அடித்தவர்கள் யார்? டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தமிழ் லோயர், ஹையர் பாஸ் பண்ணிவிட்டு சர்க்கார் வேலைக்குக் காத்துக்கிடந்த பிள்ளைகள். அதில் சேரிப் பிள்ளைகள் ஏராளம். அப்பன் ஆத்தா கூலி வேலை செய்து கட்டின ஃபீஸில் பழகின விரல்கள். டைப்ரைட்டரில் விரல் எங்கே போகுமோ அங்கேயே கம்ப்யூட்டரிலும் எழுத்து விழுகிற மாதிரி எழுத்துருக்களைச் செய்திருந்தார்கள். அதனால் எங்களுக்கு ஒரு வாரம் போதுமாயிருந்தது. 1991 அம்பேத்கர் நூற்றாண்டு. 1992இல் பாமாவின் 'கருக்கு'. 1995 ஆகஸ்டில் கொடியன்குளம். 1997 ஜூனில் மேலவளவு. அந்த வருஷங்களில் எழுதினவர்களைப் பற்றி எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். அடித்தவர்கள் பெயர் எங்கேயும் இல்லை. 'ஒளியச்சு' என்று போட்டு சென்டர் முதலாளி பேரைப் போடுவார்கள். இதைப் பொறாமையில் சொல்லவில்லை. யாருக்கு என்ன தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மூன்றரை அங்குல பிளாப்பி பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1.44 எம்.பி. என்று போட்டிருக்கும். உள்ளே இருக்கிற வட்டத் தகட்டில் ஒரு பக்கத்துக்கு 80 தடம், ஒரு தடத்துக்கு 18 துண்டு, ஒரு துண்டுக்கு 512 பைட். இரண்டு பக்கமும் சேர்த்தால் 14,74,560 பைட். இன்றைக்கு செல்போனில் எடுக்கிற ஒரு போட்டோ இதில் அடங்காது. ஆனா ஒரு ஊர்ச் சேரி முழுக்கப் பேசின பேச்சை இதில் அடக்கினோம். இடம் மிச்சம் இருந்தது.

2011 மார்ச்சில் சோனி கம்பெனி ஜப்பானில் பிளாப்பி விற்பனையை நிறுத்தியது. நான் டப்பாவை இறக்கினபோது பிளாப்பி டிரைவ் வைத்த கம்ப்யூட்டரே தெருவில் இல்லை. யு.எஸ்.பி.யில் மாட்டுகிற டிரைவ் ஒன்று வாங்கினேன். டப்பாவில் மூன்று மட்டும் ஐந்தேகால் அங்குலப் பழைய பிளாப்பி. அதை யு.எஸ்.பி. டிரைவ் படிக்காது. பழைய டிரைவ் ஒன்றைக் காயலான் கடையில் தேடிப் பிடித்து, கிரீஸ்வீசல் என்ற சின்ன போர்டு வழியாக மாட்டினோம். அது தகட்டில் இருக்கிற காந்தத் துடிப்பையே அப்படியே எழுதிக்கொள்ளும். நிறையத் தகடுகளில் வெள்ளை வெள்ளையாகப் பூசணம். பூசணத்தோடு டிரைவில் போட்டால் தலை கீறிவிடும், தகடும் போகும். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்தேன். குழந்தைக்குக் காது துடைக்கிற பொறுமை வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய பிளாப்பி கிடைத்ததும் ஆசையில் கோப்பைத் திறந்து பார்க்கக் கூடாது. முதலில் தகடு முழுவதையும், முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை, காலி இடம் உட்பட, ஒரே கோப்பாக நகல் எடுக்கணும். அதைத்தான் இமேஜ் என்கிறார்கள். படிக்க முடியாத துண்டைத் தாண்டிப் போய், திரும்பி வந்து மறுபடியும் முயற்சி பண்ணுகிற டிடிரெஸ்க்யூ என்ற புரோகிராமை வைத்து எடுத்தேன். 73இல் 6 செத்துப்போனது. 67 இமேஜ் கிடைத்தது, அதில் சிலதில் ஓட்டை.

கோப்புகளைத் திறந்தால் தமிழ் இல்லை. ஒரே கிறுக்கல்.

காரணம் இதுதான். அந்தக் காலத்தில் தமிழ் எழுத்துக்கு என்று எல்லாரும் ஒத்துக்கொண்ட எண் கம்ப்யூட்டரில் கிடையாது. 1991இல் இந்தியத் தர நிறுவனம் இஸ்கி என்று ஒன்றை வகுத்தது, யூனிகோடும் அதே வருஷம் வந்தது. ஆனா டி.டி.பி. சென்டரில் அதை யார் கண்டா? இங்கிலீஷ் எழுத்து இருக்கிற இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தைப் போட்டு ஒரு எழுத்துரு செய்வார்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு வரிசை. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால் திரையில் அம்மா தெரியும். ஆனா கம்ப்யூட்டருக்குள் பதிவாகிறது எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, எச். எழுத்துருவை எடுத்துவிட்டால் அம்மா போய்விடுவாள். இந்த எழுத்துரு குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடி டேம், டேப் என்று தரம் சொன்னது. 2010இல் தமிழக அரசு யூனிகோடுக்கு மாறியது. அதுக்குள்ள நம்ம பத்து வருஷ எழுத்து அனாதை எழுத்துருக்களில் மாட்டிக்கொண்டது. அதுவும் பேஜ்மேக்கர் கோப்புக்குள். இன்றைய கம்ப்யூட்டர் அதைத் திறக்காது.

ஆகவே பழைய மெஷினே வேண்டும். எமுலேட்டர் என்பது அதுதான்: இன்றைய கம்ப்யூட்டருக்குள் பழைய கம்ப்யூட்டர் வேஷம் கட்டி ஆடுகிற புரோகிராம். பழைய மெஷினின் மூளை, நினைவகம், பிளாப்பி டிரைவ் எல்லாம் இருப்பது போலவே காட்டும். உள்ளே ஓடுகிற டாஸுக்கும் விண்டோஸுக்கும் வித்தியாசம் தெரியாது. 2002இல் டாஸ்பாக்ஸ் வந்தது. 2003இல் ஃபாப்ரீஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர் க்யூஎமு என்பதைக் கொண்டு வந்தார். இரண்டுமே இலவசம். நான் க்யூஎமுவை எடுத்துக்கொண்டேன். அதற்குள் டாஸ், விண்டோஸ் 3.1, பேஜ்மேக்கர் 5 எல்லாம் ஏற்றினேன். நாங்கள் அடித்த எழுத்துரு எங்கே கிடைக்கும் என்று தவித்துக்கொண்டிருந்தேன். அது டப்பாவிலேயே 3ஆம் நம்பர் பிளாப்பியில் இருந்தது. யாரோ ஒரு தோழர் வேறு சென்டரில் போடுவதற்காக நகல் எடுத்து வைத்திருக்கிறார். லேபிளில் ஒன்றும் எழுதவில்லை.

67 இமேஜையும் கையால் ஒவ்வொன்றாகச் செருகி, கிளப்பி, பார்த்து, அணைத்து மாளாது. அதற்குத்தான் ஸ்கிரிப்ட். ஸ்கிரிப்ட் பெரிய வித்தை இல்லை. கம்ப்யூட்டருக்கு எழுதி வைக்கிற வேலைச்சீட்டு. என் அக்கா மகள் இஞ்சினியரிங் படித்தவள், 20 வரியில் எழுதிக் கொடுத்தாள். இந்த இமேஜை எடு, ஏ டிரைவில் செருகியிருப்பதாகக் காட்டி மெஷினைக் கிளப்பு, 30 விநாடி பொறு, திரையைப் படம் பிடி, அணை, படத்துக்கு பிளாப்பி நம்பரையே பேராக வை, அடுத்ததுக்குப் போ. இன்னொரு வார்த்தையும் அதில் சேர்த்தாள். ஸ்னாப்ஷாட் என்று பேர். மெஷின் ஓடும்போது பிளாப்பியில் எதை எழுதினாலும் அது தற்காலிகமாக ஒரு ஓரத்தில் நிற்கும், அணைத்ததும் போய்விடும். இமேஜில் ஒரு பைட் கூட மாறாது. இந்த வார்த்தையின் அருமை எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ராத்திரி ஓடவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் 67 படம். 60 படத்தில் பிளாப்பியிலிருந்து கிளம்ப முடியாது என்கிற பழைய வாக்கியம். பிளாப்பியை உள்ளே விட்டுவிட்டு கம்ப்யூட்டரைப் போட்டால் வருமே, 'நான் சிஸ்டம் டிஸ்க் ஆர் டிஸ்க் எரர்', அது. அதைப் பார்த்து நாங்க எத்தனை ராத்திரி தலையில் அடிச்சிருக்கோம். அந்த வாக்கியம் கம்ப்யூட்டருடையது இல்லை, பிளாப்பியுடையது. ஒவ்வொரு பிளாப்பியின் முதல் 512 பைட்டிலும் ஒரு குட்டி புரோகிராம் இருக்கும். மெஷின் கிளம்பியதும் முதலில் அதைத்தான் ஓட்டிப் பார்க்கும். பிளாப்பியில் டாஸ் இல்லாவிட்டால் அது அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நிற்கும்.

வேலையத்த வேலை என்று நினைக்கலாம். அப்படியில்லை. எல்லாப் படத்திலும் ஒரே வாக்கியம் வரவில்லை. டாஸ் காலத்தில் ஃபார்மேட் பண்ணினது ஒரு மாதிரி சொல்லும். விண்டோஸ் 95 வந்த பிறகு ஃபார்மேட் பண்ணினது 'இன்வேலிட் சிஸ்டம் டிஸ்க்' என்று ஆரம்பிக்கும். ஆக எந்த பிளாப்பி எங்களுக்கு முந்தி, எது பிந்தி என்று ஒரு கோடு கிழிக்க முடிந்தது. கோப்புகளில் தேதி இருக்குமே என்பீர்கள். இருக்கிறது. முக்கால்வாசிக் கோப்பில் 1980 ஜனவரி 1 என்று இருக்கிறது. சென்டர் மெஷினில் கடிகார பேட்டரி செத்து முதலாளி மாத்தவே இல்லை. பேட்டரி இல்லாத மெஷின் தினமும் 1980 ஜனவரி 1இல் பிறக்கும், டாஸுக்கு அதுக்கு முன்னால் காலமே கிடையாது. 1995 கலவரத்தில் அடிபட்டவர் பேச்சு 1980 என்று பதிவாகியிருக்கிறது. நாளைக்கு ஒரு ஆய்வாளர் வந்து அதை நம்பி எழுதினால் யாரைக் குத்தம் சொல்ல?

மிச்சம் ஏழில் இரண்டு அப்படியே உறைந்து நின்றது. நாலு டாஸுக்குள் போனது. இன்னொன்று, பழைய ஐந்தேகால் அங்குலம், வேடிக்கை காட்டியது. ஸ்கிரிப்டைப் பல தடவை ஓட்டினதில் ஒரு தடவை மட்டும், உங்க கம்ப்யூட்டர் இப்ப போதையில இருக்கு என்கிற அர்த்தத்தில் ஒரு இங்கிலீஷ் வாக்கியம். ஸ்டோன்டு என்கிற வைரஸ், 1987இல் நியூசிலாந்தில் கிளம்பினது. அந்த முதல் 512 பைட்டுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும், சராசரி எட்டு தடவைக்கு ஒரு தடவை வாயைத் திறக்கும். உலகம் சுத்தி மதுரைச் சந்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. எமுலேட்டருக்குள் என்பதால் பயமில்லாமல் வேடிக்கை பார்த்தோம்.

2015 ஜனவரியில் அமெரிக்காவின் இன்டர்நெட் ஆர்க்கைவ் 2,000க்கும் மேற்பட்ட டாஸ் விளையாட்டுகளை இதே எமுலேட்டர் முறையில் யார் வேண்டுமானாலும் ஆடலாம் என்று வைத்தது. விளையாட்டைக் காப்பாத்த ஆள் இருக்கு. குறை சொல்லவில்லை. அந்த மாதிரிக் கருவியைத்தான் நானும் எடுத்து ஓட்டுகிறேன். ஆனா கம்மாக்கரையில் அடிபட்டவன் பேச்சு இருக்கிற பிளாப்பியை அவர்கள் வந்து எடுக்க மாட்டார்கள். அது நம்ம வேலை.

சரி, உள்ளே என்ன இருந்தது?

அன்றைய நடைமுறை இது. தோழர்கள் ஊருக்குப் போய் டேப்பில் பேச்சைப் பதிவு பண்ணுவார்கள். ஒருத்தர் கேட்டுக் கேட்டுக் கையால் எழுதுவார். நான் அடிப்பேன். ஆசிரியர் குழு திருத்தும். திருத்தினதைத் தனிக் கோப்பாகச் சேமிப்பேன். பத்திரிகையில் வந்தது இரண்டாவது கோப்பு. முதல் கோப்பு இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. இரண்டையும் எமுலேட்டரில் அடுத்தடுத்துத் திறந்து வைத்துப் படித்தபோது எனக்குக் கூச்சமாக இருந்தது.

அச்சில் வந்தது இப்படி இருக்கிறது: 'ஆதிக்க சாதியினரால் நான் கடுமையாகத் தாக்கப்பட்டேன்.' முதல் கோப்பில் அதே ஆள் பேசுறது: 'கம்மாக்கரையில வச்சு என்னய அடிச்சாக. அடிச்சவன நல்லாத் தெரியும். அவுக வீட்டுலதான் எங்கப்பன் பண்ணைக்குக் கெடந்துச்சு. அவனத் தோள்ல தூக்கி வளத்ததே எங்கப்பன்தான்.' முழுசா ஒரு வாழ்க்கை போயிருச்சு. பண்ணைக்குக் கிடந்த அப்பன் போயிட்டான். தோளில் தூக்கி வளர்த்த பிள்ளையே அடிக்க வந்த கொடுமை போயிருச்சு. 'ஆதிக்க சாதியினர்' என்கிற ஒரே வார்த்தை எல்லாத்தையும் முழுங்கிருச்சு. 'கருக்கு' வந்து நாலைந்து வருஷம் ஆன பிறகு நடந்தது இது. பேச்சுமொழிதான் நம்ம மொழி என்று மேடையில் முழங்கிவிட்டு, வாக்குமூலம் என்று வந்ததும் கோர்ட்டு பாஷைக்கு மாத்தியிருக்கிறோம். ஆசிரியர் குழுவுக்கு ஒரு நியாயம் இருந்தது. வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஆளை அடையாளம் காட்டினால் சாட்சிக்கு ஆபத்து. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனா 'கெடந்துச்சு' என்பதை மாத்தினதுக்கு அந்த நியாயம் போதாது. அதுக்கு நாங்க படிச்ச படிப்புதான் காரணம்.

கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற இன்னொரு ஸ்கிரிப்ட் எழுதியாச்சு. எழுத்துக்கு எழுத்து மாத்தினால் மட்டும் போதாது. பழைய முறையில் 'கொ' என்று அடிக்க முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் முதலில் க, பிறகுதான் மத்தது. வரிசையைத் திருப்பிப் போடணும். மாற்றினதை எமுலேட்டர் திரையோடு ஒப்பிட்டு வரிவரியாகச் சரிபார்க்கிறோம். நான் அன்றைக்கு விட்ட எழுத்துப்பிழைகளைத் திருத்துவதில்லை என்று முடிவு. அக்கா மகளுக்கு அதில் ஒரே சிரிப்பு.

இப்ப 41ஆம் நம்பர்.

அதில் ஸ்கிரிப்ட் காட்டின கோப்புப் பட்டியல் காலி. ஆனா இமேஜ் எடுக்கும்போது காலி இடத்தையும் சேர்த்து எடுத்தோம் அல்லவா? அதில் எழுத்து இருந்தது. டாஸில் ஒரு கோப்பை அழித்தால் கோப்பு அழிவதில்லை. பட்டியலில் அதன் பேருடைய முதல் எழுத்தை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஈ5 என்ற குறியைப் போடும். இந்த இடம் காலி என்று அர்த்தம். பேரின் மற்ற எழுத்துகள், எத்தனை பைட், எந்த இடத்தில் ஆரம்பம் எல்லாம் அப்படியே நிற்கும். மேலே வேறு எதையாவது எழுதினால்தான் பழசு போகும். 41இல் அதுக்கப்புறம் நாங்கள் எதுவும் எழுதவில்லை.

1991இல் வந்த டாஸ் 5இல் அழித்ததை மீட்க 'அன்டெலீட்' என்று ஒரு கட்டளை உண்டு. எமுலேட்டருக்குள் அதைப் போட்டேன். ஒரு கேள்விக்குறியும் பின்னால் ஐந்து இங்கிலீஷ் எழுத்தும் வந்தது. முதல் எழுத்து என்ன என்று கேட்டது. எனக்குத் தெரியும்.

1996. ஒரு ஆத்தா. மதுரைக்குக் கிழக்கே ஒரு ஊர். டேப்பில் பேசியிருந்தார். அடித்து முடித்து ஒரு வாரத்தில், பஸ் ஏறி, கேட்டுக் கேட்டு சென்டருக்கே வந்துவிட்டார். "நாஞ்சொன்னதப் போட வேணாம்யா. நாங்க அந்த ஊருலதான இருக்கணும். பொட்டப்புள்ள வச்சிருக்கேன்" என்றார். ஆசிரியர் தோழர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, நாங்க இருக்கோம் என்றெல்லாம். ஆத்தா கேட்கவில்லை. கடைசியில் தோழர் என்னைப் பார்த்தார். நான் அவர் கண் முன்னாலேயே அழித்தேன். திரை காலியாவதை ஆத்தா குனிந்து பார்த்தார்.

"போயிருச்சாய்யா?"

"போயிருச்சு ஆத்தா."

பொய் சொன்னதாக எனக்கு அன்றைக்குத் தெரியாது. ஒரே ஒரு எழுத்துதான் போயிருந்தது. மற்றதெல்லாம் 27 வருஷம் என் வீட்டுப் பரணில் இருந்திருக்கிறது.

அதில் என்ன இருந்தது என்று இங்கே எழுதப் போவதில்லை. மீட்டதும் நான் படிக்கவும் இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். படித்தேன். நம்ம தோழர்களிடம் கேட்டேன். ஒருத்தர் சொன்னார்: "நம்ம சனத்துக்கு ஆவணமே இல்லைன்னு அழுறோம், கிடைச்சதை விடலாமா? ஆத்தாவும் இறந்துட்டாங்க." இன்னொருத்தர் சொன்னார்: "போலீஸ்காரன் எஃப்.ஐ.ஆர். எழுதும்போது நம்மளக் கேக்கல, ஊர்க்காரன் அடிக்கும்போது கேக்கல, நாமளும் கேக்காமப் போட்டா எப்படி?" எனக்கு இரண்டாவது பேச்சுதான் பட்டது. முதல் தோழர் சொன்னதைத் தூக்கிப் போடவும் முடியவில்லை. நூறு வருஷம் கழித்து யாராவது தேடுவார்கள். அன்றைக்கு இது இருக்கணுமே.

பொட்டப்புள்ள என்று ஆத்தா சொன்னவருக்கு இப்ப 40 வயசு தாண்டியிருக்கும். சத்துணவு மையத்தில் வேலை. போன் பண்ணிச் சொன்னேன். "கொண்டாங்கண்ணே, பாப்போம்" என்றார். பிரிண்ட் எடுத்துக்கொண்டு போகவில்லை. தாளாகக் கொடுத்தால் அது இன்னொரு பிரதி, யார் கையில் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. மடிக்கணினியைக் கொண்டுபோய் அவர் வீட்டுத் திண்ணையில் வைத்து எமுலேட்டரைக் கிளப்பினேன். டாஸ், விண்டோஸ் 3.1, பேஜ்மேக்கர், பிறகு அந்தக் குண்டு எழுத்து. யாராவது வருகிறார்களா என்று அவர் ஒரு தடவை தெருவைப் பார்த்துக்கொண்டார்.

மெதுவாகப் படித்தார். உதடு அசைந்தது. பக்கத்தைத் தள்ளச் சொல்லிக் கையைக் காட்டினார், தள்ளினேன். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. "எங்காத்தா இப்படித்தான் பேசும்" என்றார். என்ன செய்யலாம் என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. அதுவரைக்கும் 41ஐ ஸ்கிரிப்ட் தாண்டிப் போகும்படி ஒரு வரி சேர்த்திருக்கிறோம். இமேஜ் ஒரே ஒரு பிரதிதான், பூட்டுப் போட்டு அவர் பொறுப்பில் இருக்கிறது. மற்ற இமேஜ்கள் மூன்று இடத்தில் பத்திரமாக இருக்கின்றன. வேண்டியவர்கள் ஆசிரியர் மூலம் கேட்கலாம். இதைப் படிக்கிறவர்கள் வீட்டுப் பரணிலும் பிளாப்பி கிடந்தால் தூக்கிப் போட வேண்டாம். பூசணத்தோடு டிரைவில் போடவும் வேண்டாம்.

கிளம்புகிற நேரத்தில், "அண்ணே, எங்கப்பா பேருல எழுத்து தப்பா இருக்கு. சின்ன ர போட்டிருக்கீங்க, பெரிய ற வரணும்" என்றார். என் பிழைதான். ஸ்கிரிப்டுக்குப் போட்ட சட்டத்தை மறந்துவிட்டு அங்கேயே திருத்தினேன். திருத்தின பிறகு சொன்னேன், ஸ்னாப்ஷாட்டில் ஓடுது தங்கச்சி, மெஷினை மூடினதும் இந்தத் திருத்தம் போயிரும், பழையபடி சின்ன ர தான் இருக்கும் என்று.

"அப்ப மூடாதீங்க, இன்னொரு தடவ படிச்சுக்கிறேன்" என்றார்.